சர்க்கரை போய்ச் சேர்ந்த கடற்கரை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

என் மகனுக்கு ஸ்பெயின் நாட்டின் தெற்குக் கரையில், மாலகா நகரத்தில் வேலை. பிப்ரவரிக் கடைசியில் நாத்தனாரும் நானும் மந்தைவெளி வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினோம். திரும்பி வந்தது மே மாத நடுவில். அந்தப் பதினோரு வாரத்தைப் பற்றிச் சென்ற மாதம் இரண்டு பத்திதான் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்கள் மேசை இழுப்பறையை நிறைத்துவிட்டன. முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

மாலகா, ரோண்டா, கிரானடா, செவில், கொர்தோபா, காதிஸ் எல்லாவற்றையும் ஏழே நாளில் காட்டுவதாக ஒரு சுற்றுலா நிறுவனம் சொல்கிறது. ஓய்வு பெற்ற தம்பதி நாங்கள். சேரலாமா அம்மா?
– ஒரு வாசகி, பெரம்பூர்

சேராதீர்கள். இதை அனுபவித்துச் சொல்கிறேன். நாங்களும் முதல் வாரத்திலேயே ஒரு குழுவோடு ரோண்டா போனோம். இரண்டு மணி நேரம் மலைப்பாதையில் பஸ். இறங்கியதும் வழிகாட்டி கடிகாரத்தைத் தட்டிக் காட்டி, 'நாற்பது நிமிடம்' என்றார். ஊரை இரண்டாகப் பிளக்கும் பள்ளத்தாக்கின் மேல் 98 மீட்டர் உயரத்துக்குக் கல்லால் எழுப்பிய பாலம் அது. 1741இல் முந்தைய பாலம் இடிந்து ஐம்பது பேர் அளவில் இறந்த பிறகு, பல பத்தாண்டுகள் உழைத்து 1793இல் கட்டி முடித்திருக்கிறார்கள். அதன் கைப்பிடிச் சுவர் வரை போனோம், படம் எடுத்துக்கொண்டோம், கழிப்பறை வரிசையில் நின்றோம். நாற்பது நிமிடம் தீர்ந்துவிட்டது. நாத்தனாருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஏப்ரலில் நாங்களாகவே மறுபடி போய் இரண்டு இரவு தங்கினோம். காலையில் பள்ளத்தாக்கின் அடிவரை இறங்கி, கீழேயிருந்து பாலத்தை அண்ணாந்து பார்த்தபோதுதான் அதன் பிரமாண்டம் புரிந்தது.

உங்களுக்கு என் யோசனை இதுதான். மாலகாவிலேயே அறை எடுத்துப் பத்து நாள் அங்கேயே இருங்கள். கடற்கரை – தாம்பரம் மின்சார ரயிலைப் போல அங்கே ஒரு புறநகர் ரயில், சுமார் இருபது நிமிடத்துக்கு ஒன்று, மாலகா நடுவூரிலிருந்து ஃபுவென்ஹிரோலா வரை கரையோரமாகவே ஓடுகிறது. விமான நிலையமும் அதே பாதையில்தான். பெட்டியோடு இறங்கி நேரே ரயில் ஏறிவிடலாம். கிழக்கே நெர்ஹா என்ற கரையோர ஊருக்குப் போக ரயில் இல்லை, பஸ்தான்.

மாலகாவில் ஒரு முழு நாளைத் தெருக்களுக்கே கொடுங்கள். 11ஆம் நூற்றாண்டில் முஸ்லிம் அரசர்கள் கட்டிய கோட்டை அரண்மனை குன்றின் மேல் இருக்கிறது. பெயர் அல்கஸாபா. வேலூர்ப் பக்கத்து வாசகர்களுக்கு உடனே விளங்கும், நம் 'கஸ்பா'வும் அதே அரபுச் சொல்தான். அதன் காலடியில் ரோமானியர்களின் நாடக அரங்கு. ஈராயிரம் ஆண்டுப் பழமை. மண்ணுக்குள் மறைந்து கிடந்து 1951இல்தான் வெளிப்பட்டிருக்கிறது. அதற்கு முன்பே அதன் மேல் ஒரு கட்டடம் எழும்பிவிட்டது. 1990களில் அந்தக் கட்டடத்தை இடித்து அரங்கை மீட்டிருக்கிறார்கள். அந்தப் படிக்கட்டில் உட்கார்ந்தால் கண்ணுக்கு முன்னால் ரோமானியக் கல், தலைக்கு மேல் அரபுக் கோட்டை, காதில் தேவாலய மணி.

மதியம் இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை பெரும்பாலான சிறு கடைகளைச் சாத்திவிடுகிறார்கள். நீங்களும் அறைக்கு வந்து படுத்துவிடுங்கள். ஊர் உண்மையில் விழிப்பது மாலை ஏழுக்கு மேல். தாத்தா, பாட்டி, கைக்குழந்தை என்று குடும்பம் குடும்பமாக, நல்ல உடை உடுத்திக்கொண்டு தெருவில் மெதுவாக நடப்பார்கள். எங்கும் போவதற்காக அல்ல, நடப்பதற்காகவே. அந்த நேரத்தில் அறைக்குள் அடைந்து கிடந்தால் ஊரைப் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம்.

நாங்கள் சுத்த சைவம், முட்டையும் கிடையாது. ஸ்பெயினில் பட்டினிதான் என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். உண்மையா?
– ஒரு வாசகர், மேற்கு மாம்பலம்

நான் மீன் சாப்பிடுகிறவள். ஆனால் நாத்தனார் வெங்காயம்கூட யோசித்துத்தான் சேர்ப்பவர். பதினோரு வாரத்தில் அவர் ஒரு நாளும் பட்டினி கிடக்கவில்லை. எச்சரிக்கை மட்டும் வேண்டும்.

'சின் கார்னே' என்றால் இறைச்சி இல்லாமல் என்று பொருள். அது போதாது. பன்றித் தொடையை உப்பிட்டு உலர்த்திய 'ஹமோன்' அங்கே பலருக்கு இறைச்சிக் கணக்கிலேயே வராது, காய்கறியின் மேல் தூவும் பொருள். அதனால் 'சின் கார்னே, சின் ஹமோன், சின் பெஸ்காதோ, சின் உவெபோ' என்று நான்கையும் சொல்ல வேண்டும். கடைசி இரண்டும் மீன், முட்டை. ஒரு அட்டையில் எழுதி வைத்துக்கொண்டு பரிமாறுபவரிடம் காட்டிவிடுங்கள்.

நம்பிச் சாப்பிடக் கூடியவை: தக்காளியைத் தேய்த்து ஆலிவ் எண்ணெய் ஊற்றிய ரொட்டி, சுட்ட குடைமிளகாய், பாலக்கும் கொண்டைக்கடலையும் சேர்த்த கூட்டு. பாதாம், பூண்டு, ரொட்டி மூன்றையும் அரைத்து, எண்ணெயும் வினிகரும் சேர்த்துக் குளிரக் குளிரக் கொடுக்கும் 'அஹோபிளாங்கோ' என்ற வெள்ளைச் சாறு, மேலே திராட்சைப் பழம் போட்டு. இது மாலகாவில் பேர்போனது.

இவை எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று உண்டு, கத்திரிக்காய். நெர்ஹாவிலிருந்து மலையில் 6 கிலோமீட்டர் ஏறினால் ஃப்ரிஹிலியானா. சுண்ணாம்படித்த வீடுகள் படிப்படியாக ஒட்டிக்கொண்டிருக்கும் சின்ன ஊர். அங்கே ஒரு பெண்மணி தம் சிறிய உணவுக்கடையில் கத்திரிக்காயை நீள நீளமாக அரிந்து, மாவில் புரட்டி, மொறுமொறுவென்று பொரித்து எடுத்து வந்தார். அதன் மேல் கறுப்பாக, கெட்டியாக ஒரு பாகை நூல் போல ஓட விட்டார். வாயில் வைத்ததும் நாத்தனார் என் கையைப் பிடித்துக்கொண்டார். வெல்லம் காய்ச்சும் கொட்டகையின் வாசனை! அது கரும்புப்பாகு. ஊர் நுழைவிலேயே, 16ஆம் நூற்றாண்டில் மாளிகையாகக் கட்டிய கட்டடத்தில் அதைக் காய்ச்சும் ஆலை இருக்கிறது. ஐரோப்பாவில் எஞ்சியிருப்பது இது ஒன்றுதான் என்று ஊரார் பெருமையோடு சொல்கிறார்கள்.

அரபு உழவர்கள் கரும்பை அந்தக் கரைக்குக் கொண்டு சேர்த்து ஆயிரம் ஆண்டு ஆகிறது. 'ஸர்க்கரா' என்ற வடசொல் பாரசீகத்துக்கும் அரபுக்கும் போய் 'அஸ்ஸுக்கர்' ஆகி, ஸ்பானிய வாயில் 'அஸூகர்' ஆனது. நம் வீட்டில் அது சர்க்கரை. சொல்லும் செடியும் கைகோத்துப் போயிருக்கின்றன. 1493இல் கொலம்பஸ் தம் இரண்டாம் பயணத்தில் கனேரித் தீவுகளிலிருந்து கரும்பை எடுத்துக்கொண்டு அட்லாண்டிக் கடந்தார். கரையோரக் கரும்பு வயல்களின் கடைசி ஆலை 2006இல் மூடப்பட்டது. அந்த நிலங்களைச் சுற்றி இன்று அவகாடோவும், சீதாப்பழத்தின் உறவான 'சிரிமோயா'வும், ஆம், மாம்பழமும் விளைகின்றன. நாங்கள் போனபோது மா பூத்திருந்தது. அறுவடை செப்டம்பர் வாக்கில். நம் ஊரில் மாம்பழம் முடிந்த பிறகு அங்கே தொடங்குகிறது.

ஃப்ரிஹிலியானாவின் சுவர்களில் பன்னிரண்டு பீங்கான் ஓட்டுப் பலகைகள் பதித்திருக்கிறார்கள். 1569இல் அந்த மலையில் நடந்த போரை அவை சொல்கின்றன. கட்டாயமாக மதம் மாற்றப்பட்ட முஸ்லிம் குடிகள் கிளர்ந்தெழுந்து தோற்ற கதை. பின்னர் 1609 தொடங்கி அவர்களின் வழித்தோன்றல்கள் நாட்டைவிட்டே துரத்தப்பட்டார்கள். சுற்றுலாப் பயணிகள் பூந்தொட்டிகளைப் படமெடுத்துக்கொண்டு அந்தப் பலகைகளைக் கடந்துபோவது எனக்கு வருத்தமாக இருந்தது. தயவுசெய்து ஒவ்வொன்றின் முன்னும் நின்று படியுங்கள்.

எந்த மாதம் போகலாம்? விசாவுக்கு என்ன வேண்டும்?
– ஒரு வாசகர், அம்பத்தூர்

ஏப்ரல், மே அல்லது செப்டம்பர் கடைசி, அக்டோபர். ஆகஸ்டில் வெயிலும் கூட்டமும் சேர்ந்து வாட்டும். ஐரோப்பாவின் ஷெங்கன் விசா எடுக்க வேண்டும். பயணத்துக்கு 6 மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்துவிட வேண்டும். குறைந்தபட்சம் 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். கிரானடாவின் அல்ஹம்ப்ரா அரண்மனைக்குப் போவதாக இருந்தால், விமான டிக்கெட் எடுத்த கையோடு அதன் டிக்கெட்டையும் எடுத்துவிடுங்கள். உள் அரண்மனைக்குள் நுழைய நேரம் குறித்துத்தான் தருகிறார்கள். பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள்.

காலையில் நல்ல காபி கிடைக்குமா? இது ஒன்றுதான் என் கவலை.
– ஒரு வாசகி, திருவல்லிக்கேணி

உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. நம்மிடம் ஸ்டிராங், மீடியம், லைட் என்று மூன்றுதானே? மாலகாவில் பாலும் டிகாக்‌ஷனும் கலக்கும் அளவுக்கு ஏறத்தாழ ஒன்பது பெயர்கள். பாதிக்குப் பாதி என்றால் 'மிதாத்'. டிகாக்‌ஷன் குறைவாக, பால் தூக்கலாக என்றால் 'சோம்ப்ரா', அதாவது நிழல். பாலில் காபியைக் காட்டிவிட்டு எடுத்தது போல என்றால் 'நுபே', மேகம். உள்நாட்டுப் போருக்குப் பின் காபிக்கொட்டைக்குப் பஞ்சம் வந்த காலத்தில், அளவு சரியில்லை என்று வாடிக்கையாளர்கள் திருப்பி அனுப்பி வீணாகக் கூடாது என்பதற்காக, ஒரு கடைக்காரர் ஒவ்வோர் அளவுக்கும் ஒரு பெயர் வைத்து, கண்ணாடி டம்ளர்களை வரைந்து சுவரில் மாட்டினாராம். ஊர் முழுக்க அந்தப் பெயர்களே நிலைத்துவிட்டன. காபி வருவதும் கண்ணாடி டம்ளரில்தான். நான் தினமும் 'மிதாத்' கேட்டேன். நாலாம் நாள் கடைப்பையன் என்னைப் பார்த்ததுமே கலக்க ஆரம்பித்துவிட்டான்.

அங்கே நம் ஊர்த் திருவிழா போல எதுவும் உண்டா?
– ஒரு வாசகர், மயிலாப்பூர்

பங்குனியில் அறுபத்து மூவர் புறப்பாட்டைத் தோளில் தாங்கும் ஸ்ரீபாதம் தாங்கிகளைப் பார்த்து வளர்ந்தவர் நீங்கள். உங்களுக்காகவே இதை விரிவாக எழுதுகிறேன்.

ஈஸ்டருக்கு முந்தைய வாரம் அங்கே புனித வாரம், 'செமானா சாந்தா'. அதுவும் பெரும்பாலும் நம் பங்குனியில்தான் வருகிறது. ஒவ்வொரு சகோதர சங்கமும் தன் ஏசு திருமேனியையும் மாதா திருமேனியையும் பல்லக்கில் எழுந்தருளச் செய்து தெருவுக்குக் கொண்டுவருகிறது. மாலகாக்காரர்கள் அதைப் பல்லக்கு என்று சொல்வதில்லை, 'த்ரோனோ', சிம்மாசனம் என்கிறார்கள். பெரிய சிம்மாசனங்களுக்கு 200 பேருக்கும் மேல் தோள் கொடுக்கிறார்கள். முன்பக்கத்தில் ஒரு மணி தொங்குகிறது. தலைவர் அதை அடித்ததும் அத்தனை தோளும் ஒரே மூச்சில் எழும்பும். மறுபடி அடித்தால் இறக்குவார்கள். நடக்கும்போது இடமும் வலமுமாக ஒரு அசைவு. நம் சுவாமி புறப்பாட்டில் 'நடை' போடுவார்களே, அதேதான். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

திங்கட்கிழமை இரவு மேள ஊர்வலத்துக்காக நாங்கள் ஒரு சந்து முனையில் மூன்று மணி நேரம் நின்றோம். கூம்புத் தொப்பியால் முகம் மறைத்துக்கொண்டு, ஆளுயர மெழுகுவர்த்தி ஏந்தி வரிசையாக வந்தார்கள். தவம் செய்பவரின் முகம் தெரியக் கூடாது என்பதற்காக அந்த மறைப்பு. என் அருகில் ஏழெட்டு வயதுப் பையன் ஒருவன். அவன் கையில் ஒரு உருண்டை, பெரிய ஆரஞ்சுப் பழம் அளவுக்கு. வருகிற ஒவ்வொருவரிடமும் அதை நீட்டுவான். அவர்கள் நின்று, மெழுகுவர்த்தியைச் சாய்த்து, உருகும் மெழுகை அதன் மேல் சொட்டவிடுவார்கள். அவன் விரலால் உருட்டி உருட்டி ஆறவைப்பான். சிவப்பு, வெள்ளை, பச்சை என்று அடுக்கடுக்காகத் தெரிந்தது. ஆண்டுதோறும் அதே உருண்டையைக் கொண்டுவந்து பெரிதாக்குகிறார்களாம். அவன் அதை ஒரு நிமிடம் என் உள்ளங்கையில் வைத்தான். இன்னும் சூடு இருந்தது.

திடீரென்று தெருவே அடங்கியது. மாடி வராந்தாவிலிருந்து ஒரு பெண், துணைக்கு எந்த வாத்தியமும் இல்லாமல், திருமேனியை நோக்கிப் பாடினார். அந்தப் பாட்டுக்கு 'சயேதா' என்று பெயர், அம்பு என்ற பொருளில். பாடி முடிக்கும் வரை சிம்மாசனம் அசையவில்லை. மொழி புரியாமலே நாத்தனார் கைகூப்பிக்கொண்டு நின்றார்.

புதன்கிழமை ஒரு சங்கத்தின் ஊர்வலத்தின்போது சிறைக்கைதி ஒருவரை விடுதலை செய்யும் வழக்கம் மூன்றாம் கார்லோஸ் மன்னர் காலத்திலிருந்து வருகிறது. அதைக் காணப் பெருங்கூட்டம். அறை வாடகை அந்த வாரத்தில் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஆகும் என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அப்படியும் போகலாம், போக வேண்டும்.

பரதம் கற்பிக்கிறேன். ஃபிளமெங்கோ நம் நாட்டிலிருந்து போனதுதானே?
– ஒரு நடன ஆசிரியை, அடையாறு

அப்படி நேர்க்கோடு போட்டுவிட முடியாது. ஃபிளமெங்கோவோடு சேர்த்துப் பேசப்படும் ஸ்பெயினின் ஹிதானோ மக்களின், அதாவது அந்நாட்டு ஜிப்ஸிகளின், முன்னோர் வடமேற்கு இந்தியாவிலிருந்து போனவர்கள் என்பதை அவர்களின் ரோமானி மொழியே காட்டிக்கொடுக்கிறது. அதில் இரண்டு 'துய்', ஐந்து 'பாஞ்ச்'. 15ஆம் நூற்றாண்டில் அவர்கள் ஸ்பெயினை அடைந்தார்கள். ஆனால் பாட்டும் ஆட்டமும் கிதாரும் சேர்ந்த ஃபிளமெங்கோ என்ற கலை உருத்திரண்டது தெற்கு ஸ்பெயினான அந்தலூசியா மண்ணில், அங்கிருந்த பாட்டுகளோடு கலந்து. அந்தப் பெருமையை அந்த மண்ணிடமிருந்து நாம் பறிக்கக் கூடாது. 2010இல் யுனெஸ்கோவும் மனிதகுலத்தின் மரபுச் செல்வமாக அதை அறிவித்தது.

நீங்கள் ரசிக்க வேறு வழி சொல்கிறேன். 'சொலேயா' என்ற வகையைக் கேளுங்கள். 12 எண்ணிக்கை கொண்ட சுற்று. அழுத்தம் விழுவது 3, 6, 8, 10, 12இல். உங்கள் கை தானாகத் தொடையில் தாளம் போடும். அடுத்து 'மாலகேன்யா' கேளுங்கள். அதில் தாளக்கட்டே கிடையாது. நம் விருத்தம் போல, பாடகர் மூச்சு போகிற வழியில் கிதார் பின்தொடரும். அது மாலகாவின் சொந்தச் சொத்து. உணவு விடுதிகளில் இரவு உணவோடு சேர்த்துக் காட்டும் நிகழ்ச்சிகளைவிட 'பேன்யா' என்ற ரசிகர் சங்கங்களுக்குப் போங்கள். நம் சபாக்கள்தான் அவை. முன்வரிசையில் வயதானவர்கள் கண்மூடி உட்கார்ந்து, சரியான இடத்தில் 'ஓலே' என்பார்கள். தவறான இடத்தில் ஒருவரும் வாய் திறப்பதில்லை.

குழந்தைகளுக்கு அலுக்காத இடம்?
– ஒரு வாசகி, வேளச்சேரி

நெர்ஹா குகை. 1959 ஜனவரி 12 அன்று வௌவால் தேடிப் போன ஐந்து பையன்கள் கண்டுபிடித்தது. இதைச் சொல்லிவிட்டு உள்ளே கூட்டிப்போங்கள், பிள்ளைகள் ஓடுவார்கள். சுண்ணாம்புநீர் சொட்டிச் சொட்டியே உருவான 32 மீட்டர் உயரத் தூண் ஒன்று நிற்கிறது. வழியில் படிகள் நிறைய, முட்டிவலிக்காரர்கள் யோசித்து இறங்குங்கள்.

எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகக் கடல் தொழில். அந்தக் கரையில் மீனவர்கள் எப்படி இருக்கிறார்கள்?
– ஒரு வாசகர், காசிமேடு

இந்தக் கடிதத்தைப் பார்த்ததும் எனக்கு எவ்வளவு மகிழ்ச்சி தெரியுமா, தம்பி? நூறு கேள்விகளில் நீங்கள் ஒருவர்தான் இதைக் கேட்டிருக்கிறீர்கள்.

மாலகாவுக்குக் கிழக்கே பெத்ரெகலேஹோ, எல் பாலோ என்று அடுத்தடுத்து இரண்டு பழைய மீனவக் குடியிருப்புகள். நகர பஸ்ஸே போகிறது. வீடுகள் ஒற்றை மாடி, வாசலில் இறங்கினால் மணல். அங்கே 'ஹாபெகா' என்ற நீண்ட மரப்படகைப் பார்த்தேன். ஒரு காலத்தில் கரைவலை இழுக்க உதவியது, இன்று துடுப்புப் பந்தயத்துக்குக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். அதன் முன்னணியத்தின் இருபுறமும் பெரிய கண் வரைந்திருக்கிறது. பண்டைக் காலக் கடல் வணிகர்களான ஃபினீசியர் காலத்து வழக்கம் என்கிறார்கள். கடலில் படகுக்கு வழி தெரிய வேண்டுமல்லவா?

நெத்திலிக்கு அவர்கள் மொழியில் 'போகெரோன்'. மாலகாக்காரர்களுக்கே அதுதான் செல்லப்பெயர். ஊர்ச் சந்தை 14ஆம் நூற்றாண்டுக் கப்பல் பட்டறை இருந்த இடத்தில் நடக்கிறது, அதன் பளிங்கு வாயில் இன்றும் நிற்கிறது. ஒன்பது மணிக்கு முன்னால் போனால் மீன் கண்ணில் பளபளப்பு இருக்கும்.

நீங்கள் பார்க்க வேண்டியது மத்தி சுடுவதை. ஓய்வுபெற்ற படகொன்றை மணலால் நிரப்பி, கடற்கரையிலேயே நிறுத்தி, அதன் மேல் ஆலிவ் விறகு மூட்டுகிறார்கள். பிளந்து சீவிய நாணல் குச்சியில் ஆறு மத்தி. குடல் எடுப்பதில்லை, செதில் எடுப்பதில்லை. குச்சி நடுமுள்ளுக்குக் கீழாக நுழைய வேண்டும், அப்போதுதான் வெந்த மீன் கழன்று விழாது. கல்லுப்பை அள்ளித் தூவி, குச்சியை மணலில் சாய்த்து ஊன்றுகிறார்கள். தீக்கு மேல் அல்ல, தீக்குப் பக்கத்தில், காற்று வருகிற திசையில். புகை மீன்மேல் படியாமல் வெக்கை மட்டும் படும்.

மே முதல் வாரம் ஒரு மதியம், அறுபது வயதிருக்கும் ஒருவர் அந்தப் படகருகில் தனியாக நின்று சுட்டுக்கொண்டிருந்தார். கைகள் முழங்கை வரை கறுத்துச் சிவந்திருந்தன. பெயரில் 'ர' இல்லாத மாதங்களில்தான், அதாவது மே முதல் ஆகஸ்டு வரைதான், மத்தியில் கொழுப்பு ஏறும் என்று மகன் மூலம் சொன்னார். நெய் ஏறிய மத்தி என்று நம் ஊரில் சொல்வதைச் சொன்னேன். சிரித்துவிட்டுக் குச்சியை எடுத்துத் திருப்பிக் காட்டினார். தோல் பொரிந்து, எண்ணெய் ஒரு சொட்டு மணலில் விழுந்து 'சுர்' என்றது. முள்கரண்டி கொடுக்கவில்லை. தலையையும் வாலையும் இரு கையால் பிடித்துக் கடிக்கச் சொல்லி ஜாடை காட்டிவிட்டு, அடுத்த குச்சியை ஊன்றத் திரும்பினார்.

நீங்கள் போனால் பகல் இரண்டு மணிக்குப் போங்கள். மேசையில் உட்காராதீர்கள், படகுப் பக்கத்தில் நில்லுங்கள். உங்கள் கைகளைப் பார்த்தாலே அவர்களுக்குத் தெரிந்துவிடும்.